அஞ்சலாட்சி தடுமாறிப் படித்த பாடம்

திண்டிவனத்தில் காலை பஸ் ஏறும்போது பத்மாம்பாள் டீச்சர் கையில் இரண்டு பைகள் இருக்கும். ஒன்றில் மத்தியானச் சாப்பாடு. இன்னொன்றில் காகிதத்தில் மடித்த, அந்தப் பக்கம் மல்லாட்டை என்று சொல்லும் வறுத்த வேர்க்கடலை. அது சாயங்காலத்துக்கு. மரக்காணத்திலிருந்து திரும்பும் பஸ் வரத் தாமதமானால், பொழுது இறங்குவதற்குள் அதைத் தின்று தண்ணீர் குடித்துவிட வேண்டும். அவர் சமண நயினார் வீட்டுப் பெண். விளக்கு வைத்த பிறகு அந்த வீடுகளில் யாரும் சாப்பிடுவதில்லை. இருட்டில் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர் எதுவும் வாய்க்குள் போய்விடக் கூடாது என்று தலைமுறைகளாக வந்த வழக்கம். வீட்டிலேயே இருப்பவர்களுக்கு அது சிரமமில்லை. பஸ்ஸை நம்பி இருப்பவர்களுக்குத்தான் சிரமம்.

அவர் கணவர் பாலசந்திரன் வல்லத்துக்கு அந்தப் பக்கம் உள்ளடங்கிய ஓர் ஊரில் விவசாயம் பார்த்தார். மகள் ஜினமதி அப்பாவுடன் இருந்து, அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்புப் படித்தாள். ஊரிலிருந்து மரக்காணத்துக்கு நடுவில் இரண்டு இடத்தில் பஸ் மாற வேண்டும். ஒன்று தவறினால் எல்லாம் தவறும். அதனால் டீச்சர் திண்டிவனத்தில் தூரத்து உறவான அனந்தவல்லியின் வீட்டுப் பின்கட்டு அறையில் தங்கினார். சனிக்கிழமை ஊருக்குப் போவார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திரும்பிவிடுவார். மகளுக்குத் தலை வாரிவிடுவது, துணி துவைப்பது, வாரத்துக்கு வேண்டிய பொடி இடித்து வைப்பது எல்லாம் அந்த ஒன்றரை நாளுக்குள் அடங்க வேண்டும்.

வல்லம் ஒன்றியத்தில் ஒரு டீச்சர் அடுத்த ஜூன் மாதம் ஓய்வு பெறப் போகிறார் என்று எண்பத்தைந்தாம் வருஷம் ஆயுத பூஜை சமயத்தில் தெரியவந்தது. அந்த இடம் கிடைத்தால் வீட்டிலிருந்தே நடந்து போய் வரலாம். பத்மாம்பாள் மாறுதல் கேட்டு எழுதிக் கொடுத்தார். கல்வி அலுவலர் பெரியசாமி அதை வாங்கி வைத்துக்கொண்டு, மார்ச் மாதம் ஆண்டாய்வுக்கு வரும்போது பள்ளிக்கூடம் நல்லபடி இருந்தால் பரிந்துரைத்து அனுப்புகிறேன் என்றார். அவர் வார்த்தை தவறாத மனிதர் என்று பெயர். அன்றிலிருந்து பத்மாம்பாளுக்கு மார்ச் மாதம் ஒன்றே நினைப்பாக இருந்தது.

பள்ளிக்கூடம் இருந்தது புதுத்துறைக்குப்பத்தில். மரக்காணத்தில் இறங்கி, உப்பளத்து வரப்பில் நடந்து, சவுக்குத் தோப்பைத் தாண்ட வேண்டும். ஐந்து வகுப்புக்கும் ஒரே கூடம். நடுவில் தடுப்பு எதுவும் கிடையாது. சத்துணவு வருவதற்கு முன்னால் அந்தக் கூடத்தில் பாதி காலியாக இருந்ததாம். சோறு போடத் தொடங்கியதும் பிள்ளைகள் நிறைந்துவிட்டார்கள். வாத்தியார் மட்டும் அதே இரண்டு பேர். அதிலும் தலைமையாசிரியர் தெய்வசிகாமணிக்கு அரிசி, பருப்புக் கணக்கோடு ஒன்றிய அலுவலகத்துக்குப் போய்வரவே வாரத்தில் பாதி போய்விடும். அவரைக் குறை சொல்ல முடியாது. கணக்கு இடித்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள். பிள்ளைக்கு எழுத்துத் தெரியவில்லை என்றால் யார் சம்பளத்திலும் பிடிப்பதில்லை.

கால அட்டவணைப்படி காலையில் முதல் பாடம் தமிழ். ஆனால் குப்பத்தில் கட்டுமரங்கள் கரைக்குத் திரும்புவதும் அந்த நேரத்தில்தான். மரம் கரை தட்டியதும் பிள்ளைகள் ஓடிப் போய் வலையை உதறப் பிடிப்பார்கள். பிடித்தவர்களுக்கு ஒரு கை மீன் உண்டு. அதை வீட்டில் கொடுத்துவிட்டு, கால் கழுவி, கணக்குப் பாடம் பாதி நடக்கும்போது வருவார்கள். அப்படி வருகிறவர்கள்தான் முக்கால்வாசிப் பேர். காலைத் தமிழ்ப் பாடத்துக்கு இருந்தவர்கள், வீட்டில் வலை இல்லாதவர்களும் சளி பிடித்தவர்களும்.

தாமதமாக வருகிறவர்களுக்காக பத்மாம்பாள் மத்தியானம் ஒரு வேலை வைத்திருந்தார். சாப்பாடு முடிந்ததும் மூன்றாம் வகுப்பை உட்கார வைத்து, பாடத்தை வரி வரியாகச் சொல்லிக்கொடுத்து, ஒன்றாகச் சத்தம் போட்டுச் சொல்ல வைப்பார். அவரே படிக்கக் கற்றுக்கொண்டது அப்படித்தான். சின்ன வயதில் காலையில் கோயிலில் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து தோத்திரம் சொல்வார்கள். பொருள் தெரியாது, எழுத்தும் தெரியாது. வாய்க்கு மட்டும் தெரியும். வீட்டுக்கு வந்ததும் அப்பா அதே தோத்திரப் புத்தகத்தைப் பலகையில் வைத்துத் தன் விரலை வரிக்குக் கீழே ஓட்டுவார். வாய் முன்னால் போக, விரல் பின்னால் போக, ஒரு நாள் எழுத்து தானாகவே பிடிபட்டது. அவர் உறவில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் படித்தார்கள். முதலில் மனப்பாடம், எழுத்து தானே வரும் என்பதில் பத்மாம்பாளுக்குச் சந்தேகமே வந்ததில்லை.

குப்பத்துப் பிள்ளைகள் மனப்பாடத்தில் கெட்டிக்காரர்களாக இருந்தார்கள். அவர்களில் முதல் குரல் அஞ்சலாட்சியுடையது. தேவநாதன் என்ற மீனவரின் மகள். கரையிலிருந்து கடலில் நிற்பவனைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. அவள் தொடங்கினால் மற்றவர்கள் பின்னால் சேர்ந்துகொள்வார்கள். மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் முழுவதையும் ஓர் எழுத்துப் பிசகாமல் சொல்வாள்.

அந்த ஐப்பசியில் அடைமழை. பள்ளிக்கூடக் கூரை மூலையில் ஒழுகி, புத்தகங்கள் வைத்திருந்த தகரப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் ஓலைக் குடிசையில் நனைந்துவிடும் என்று பள்ளிக்கூடத்திலேயே வைத்திருந்த புத்தகங்கள் அவை. மழை விட்ட அன்று பத்மாம்பாள் பெட்டியைத் திறந்தார். பசை விட்டு, தாள்கள் தனித்தனியாகக் கழன்றிருந்தன. கூடத்துத் தரையெல்லாம் தாள்களைப் பரப்பி, காற்றுக்குப் பறக்காமல் ஒவ்வொன்றின் மேலும் கிளிஞ்சல் வைத்து உலர்த்தினார்கள்.

உலர்ந்ததும் அடுக்க வேண்டும். பக்க எண் பல தாள்களில் அழிந்திருந்தது. பத்மாம்பாள் அஞ்சலாட்சியைக் கூப்பிட்டு, ‘உழவர் வீடு’ பாடத்துத் தாளை எடுத்து வரச் சொன்னார். அவள் படம் இல்லாத ஒரு தாளைக் கொண்டுவந்தாள். இதுதானா என்று கேட்டதற்குத் தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "மாரியின் வீட்டு வாசலில் இரண்டு காளைகள் நின்றன" என்று தொடங்கி, கடகடவென்று முடித்தாள். அந்தத் தாளில் இருந்தது மழைக்காலம் என்ற பாடத்தின் இரண்டாம் பக்கம்.

பத்மாம்பாள் தாளை வாங்கி, நடுவில் ஒரு சொல்லில் விரலை வைத்து, இது என்ன என்றார். அஞ்சலாட்சி விரலைப் பார்த்தாள்; டீச்சர் முகத்தைப் பார்த்தாள்.

"முதல்லேர்ந்து சொன்னாத்தான் வரும் டீச்சர்," என்றாள்.

மற்ற பிள்ளைகளையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்த்தார். வலை இல்லாத வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் மட்டும் எழுத்துக் கூட்டினார்கள். மீதிப் பேர் எந்தத் தாளைக் கொடுத்தாலும் தங்களுக்குப் பிடித்த பாடத்தைச் சொன்னார்கள். அன்றைக்கு அவர் யாரையும் திட்டவில்லை. தாள்களைத் தானே அடுக்கி, சணலால் தைத்து வைத்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார். இவர்கள் வாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வரிக்குக் கீழே விரல் ஓட்ட யாரும் இல்லை. இருந்த டீச்சர் ஒருவரும் ஐந்து வகுப்பின் கூச்சலுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். உப்பளத்து வரப்பில் நடந்து வரும்போதுதான் இது அவருக்கு உறைத்தது.

மறுநாள் தமிழ்ப் பாடத்தை மத்தியானத்துக்கு மாற்றலாமா என்று தலைமையாசிரியரிடம் கேட்டார். தெய்வசிகாமணி சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையைக் காட்டினார்.

"கீழ கையெழுத்து யாருதுன்னு பாருங்க டீச்சர். அத மாத்தினா நாளைக்கு ஏன் மாத்தினேன்னு எனக்கு மெமோ வரும். மார்ச்ல உங்களுக்கு அந்தக் கையெழுத்துதான் வேணும். ஏன் பேஜாரு?"

அவர் சொன்னதில் தவறு இல்லை. பத்மாம்பாள் அட்டவணையைத் தொடவில்லை. நாலரை மணிக்கு மணி அடித்த பிறகு, இருக்க முடிந்தவர்கள் இருங்கள் என்றார். பையன்கள் கடலுக்கு ஓடிவிட்டார்கள். ஏழெட்டுப் பெண் பிள்ளைகள் இருந்தார்கள்.

புத்தகத்தை அவர் எடுக்கவே இல்லை. புத்தகத்தில் எந்த வரியைக் காட்டினாலும் வாய் முந்திக்கொண்டு ஓடும். அவர்கள் இதுவரை மனப்பாடம் செய்யாத சொற்கள் வேண்டும். காலையில் கரையில் என்ன வந்தது என்று கேட்டு, அவர்கள் சொன்னதைக் கரும்பலகையில் எழுதினார். சங்கரா, காரப்பொடி, கவளை, நெத்திலி, வாளை. பத்மாம்பாள் பிறந்ததிலிருந்து தன் வீட்டில் யாரும் உச்சரித்துக் கேட்காத பெயர்கள். ஒன்றையும் அவருக்குப் பார்த்துச் சொல்லத் தெரியாது. எது பெரியது, எது சின்னது என்று அவர் கேட்கக் கேட்கப் பிள்ளைகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"டீச்சருக்கு நெத்திலி கூடத் தெர்ல," என்று ஜெயம் என்ற பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். "எங்க வூட்டுப் பூனைக்குத் தெரியும்."

"பூனைக்கு எழுதத் தெரியுமா?" என்றார் பத்மாம்பாள். "வா, நீ எழுது."

ஒவ்வொரு எழுத்தாக, ஒவ்வொரு சொல்லாகப் போயிற்று. நாளுக்கு ஒரு வாக்கியம்தான். இன்று சங்கரா இல்லை. ஜெயம் வலையில் முள் குத்திக்கொண்டாள். அப்பா கடலுக்குப் போகவில்லை. நேற்று எழுதியது இன்று பலகையில் இருக்காது. அதனால் மனப்பாடம் செய்து வைக்க வழியில்லை. ஒரு வாக்கியம் படித்து முடிக்க ஒரு பிள்ளைக்கு ஆகும் நேரத்தில், பழைய மாதிரி என்றால் மூன்று பாடம் சொல்லி முடித்திருப்பார்கள். சில நாள் யாருக்கும் எதுவும் பிடிபடாது. வெயில் கூடத்தை விட்டுப் போகும். பத்மாம்பாள் சாக்பீசைக் கையில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நிற்பார். கால் கடுக்கும்.

ஐந்தேகால் பஸ் போய்விடும். அடுத்த பஸ் திண்டிவனம் போய்ச் சேரும்போது தெருவிளக்கு எரியும். அதனால் தினமும் மரக்காணத்தில் பஸ் நிற்கும் இடத்தில் மேற்கே பார்த்து நின்று, சூரியன் பனை உயரத்துக்கு இறங்குவதற்குள் மல்லாட்டையைத் தின்று முடிப்பார். பஸ் முன்னதாக வந்துவிட்டால் கூட்டத்தில் கை நகராது. மல்லாட்டை அப்படியே திரும்பி வரும். அனந்தவல்லி எடுத்து வைத்த சோறு காலையில் பசு மாட்டுக்குப் போகும்.

அனந்தவல்லிக்கு இது பிடிக்கவில்லை. விதவையான அவர் வாடகை வாங்காமல் பத்மாம்பாளைத் தங்க வைத்திருந்தார். அதற்குப் பதிலாகத் திட்டுவதற்கு உரிமை எடுத்துக்கொண்டார்.

"அந்தப் புள்ளைங்க மத்தியானம் வயிறாரத் துன்னுட்டு வூட்டுக்குப் போவுதுங்க," என்றார் ஒரு நாள். "அதுங்களுக்குச் சொல்லிக்குடுக்கற நீ பட்டினியா வந்து படுக்கற. இதுல பலகைல மீன் பேரு வேற எழுதறியாம். கைய நல்லாக் கழுவிக்கினு உள்ள வா."

பத்மாம்பாள் கையைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வந்தார். சாக்பீஸ் பொடிதான் போயிற்று.

தை கழிந்தபோது அந்த ஏழெட்டுப் பேரில் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். ஒருத்தி உப்பளத்துக்கு வேலைக்குப் போனாள். இன்னொருத்திக்குத் தம்பி பிறந்து, அவனைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆள் இல்லை. பத்மாம்பாள் அந்த வீட்டுக்குப் போய் அம்மாவிடம் பேசினார். தைலம்மாள் என்ற அந்த அம்மாள் மீன் கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டே, நீங்க சொல்றது புரியுது டீச்சர், புள்ளய யாரு பார்த்துக்கறது என்று கேட்டுவிட்டு நடந்தார். பத்மாம்பாளின் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் இல்லாமல்தான் வாரம் ஓடிக்கொண்டிருந்தது.

அஞ்சலாட்சி நிற்கவில்லை. ஆனால் அவள் குரல் குறைந்துவிட்டது. மத்தியானம் எல்லாரும் சேர்ந்து சொல்லும்போது அவள் பின்தங்கினாள். விரலை வரியில் வைத்து, வாயை அடக்கிக்கொண்டு, எழுத்து வரும்வரை காத்திருந்தாள். மற்றவர்கள் பாடத்தை முடித்து அமைதியானபோது அவள் மட்டும் பாதியில் இருப்பாள். பிள்ளைகள் அவளைக் கேலி செய்தார்கள். பத்மாம்பாள் கவனித்தார். மூன்றாம் வகுப்பில் புதிதாகப் படிக்கக் கற்றவள் என்று சொன்னால் இவள் ஒருத்தியைத்தான் சொல்ல வேண்டும். மூன்று மாதச் சாயங்காலங்களுக்கு ஒருத்தி.

ஆய்வு மார்ச் இரண்டாவது வாரம் என்று தகவல் வந்தது. தெய்வசிகாமணி சுவருக்கு வெள்ளையடித்தார். யார் எந்தப் பாடத்தைச் சொல்வது என்பதையும் ஏற்பாடு செய்தார். ‘உழவர் வீடு’ அஞ்சலாட்சிக்கு. பத்மாம்பாள் மறுக்கவில்லை. மறுக்க வேண்டும் என்று தோன்றாமல் இல்லை. ஆனால் அந்த வாரம் முழுவதும் அவர் மனசில் ஜூன் மாதம்தான் இருந்தது. காலையில் மகளுக்குத் தலை வாரி, வாசலில் நின்று அனுப்பிவிட்டு, தானும் நடந்தே பள்ளிக்கூடம் போவது. வெயில் இருக்கும்போதே வீட்டுக்கு வந்து எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடுவது. ஒரு நாள் மனப்பாடமாகச் சொல்லிவிட்டுப் போகட்டும். அதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்துக்கொண்டார்.

பெரியசாமி மத்தியானத்துக்கு மேல் வந்தார். காலையில் வேறு இரண்டு பள்ளிக்கூடங்களைப் பார்த்துவிட்டு வந்ததால் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. தண்ணீர் குடித்தார், பதிவேடுகளைப் புரட்டினார், சோற்றை ருசி பார்த்தார். பிறகு மூன்றாம் வகுப்புக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, யாராவது படியுங்கள் என்றார். முதலில் ஒரு பையன் எழுந்து ஒரு பாடத்தைக் கொட்டி முடித்தான். பெரியசாமி தலையாட்டினார். தெய்வசிகாமணி அஞ்சலாட்சிக்குக் கை காட்டினார்.

அவள் எழுந்து புத்தகத்தைப் பிரித்தாள். விரலை வைத்தாள். "மா... ரி... யின்," என்றாள். நிறுத்தினாள். "வீட்டு. வா... ச... லில்."

காளைகள் என்பதற்கு அவள் காலைகள் என்று படித்தாள். விரல் நகரவில்லை. திரும்ப அந்தச் சொல்லின் தொடக்கத்துக்கு வந்து, மெதுவாக, காளைகள் என்று தானே திருத்திக்கொண்டாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"இன்னாம்மா இது," என்றார் பெரியசாமி. கோபம் இல்லை, களைப்புதான். "மூணாங்கிளாஸ் முடியப் போவுது. இன்னும் எழுத்துக் கூட்டிக்கினு இருக்குது."

தெய்வசிகாமணி முன்னால் வந்தார். "நல்லா சொல்லுவா சார். பயந்துட்டா. அஞ்சலாட்சி, புஸ்தகத்த மூடிட்டு ஜல்தியாச் சொல்லு."

அவள் புத்தகத்தை மூடவில்லை. டீச்சரைப் பார்த்தாள். பத்மாம்பாள் தலையை ஒரு முறை அசைத்திருந்தால் போதும். பாடம் முழுவதும் அவள் தொண்டையில் தயாராக இருந்தது. ஒரே மூச்சில் வந்துவிடும். வல்லத்தில் காலியாகும் இடமும் அந்தத் தலையசைப்பில்தான் இருந்தது.

"வேணாங்க சார்," என்றார் பத்மாம்பாள். "பார்த்தே முடிக்கட்டும்."

அவள் முடிக்க வெகு நேரம் ஆயிற்று. பெரியசாமி இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை. கடைசி வரியைப் படித்துவிட்டு அவள் உட்கார்ந்தபோது மேல் உதடு முழுவதும் வியர்த்திருந்தது.

பிள்ளைகளை அனுப்பிய பிறகு பத்மாம்பாள் அவரிடம் விளக்கிச் சொன்னார். முதலில் எழுந்த பையன் மனப்பாடமாகச் சொன்னான், அவனுக்கு வேறு பக்கத்தைக் கொடுத்தாலும் அதையேதான் சொல்லியிருப்பான், தப்பு விட்டுத் திருத்திய பெண்தான் உண்மையில் படித்தாள் என்றார். பெரியசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தெரியும்மா," என்றார். "முப்பது வருசமா இதத்தான் கேட்டுக்கினு வர்றேன். தெரியாம இருக்குமா? ஆனா வேகம் போதாதுன்னுதான் நான் எழுத முடியும். தப்பு விட்டுத் திருத்திக்கிச்சின்னு எழுத எடம் கிடையாது. வேகம் போதாதுன்னு இங்க எழுதிட்டு, நல்ல டீச்சர், மாறுதல் குடுங்கன்னு அங்க எப்படி எழுதறது? அடுத்த வருசம் பார்க்கலாம்மா."

அவர் போன பிறகு தெய்வசிகாமணி கூடத்தைப் பூட்டினார். வரப்பு வரைக்கும் கூடவே நடந்து வந்தார். பிரியும்போது, நாளையிலிருந்து தமிழை மத்தியானம் வைத்துக்கொள்ளுங்கள், மெமோ வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அன்றைக்குச் சீக்கிரமே பஸ் கிடைத்தது. பத்மாம்பாள் வெளிச்சத்திலேயே திண்டிவனம் போய்ச் சேர்ந்து, அனந்தவல்லி போட்ட சோற்றைச் சாப்பிட்டார். ருசி தெரியவில்லை.

சனிக்கிழமை ஊருக்குப் போனதும் கணவரிடம் சொன்னார். பாலசந்திரன் மல்லாட்டை மூட்டையைத் தைத்துக்கொண்டிருந்தார். ஊசியை நிறுத்திவிட்டு, "இன்னும் ஒரு வருசமா?" என்று கேட்டார். ஆமாம் என்றதும் மறுபடி தைத்தார். ஏன், எதனால் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் பத்மாம்பாளுக்குச் சொல்லத் தெம்பு இருந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் பொடி சலிக்கும்போது ஜினமதி பக்கத்தில் உட்கார்ந்து பாடம் ஒப்பித்தாள். ஒவ்வொரு ஞாயிறும் நடப்பதுதான். கடகடவென்று, நிறுத்தமே இல்லாமல், அழகாகச் சொல்வாள். இத்தனை ஞாயிறுகளில் பத்மாம்பாள் முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுச் சந்தோஷப்பட்டிருக்கிறார். இது தன் அப்பாவின் வீட்டைப் போன்ற வீடு, இங்கே புத்தகம் இருக்கிறது என்ற தைரியம். இங்கேயும் விரல் வைக்க யாரும் இல்லை என்பது நினைவுக்கு வந்ததே இல்லை. பாலசந்திரன் விடிவதற்கு முன்னால் கழனிக்குப் போய்ப் பொழுது சாயும்போது வருகிறவர்.

அவர் சல்லடையை வைத்தார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு மகளின் புத்தகத்தை வாங்கி, நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து, ஒரு சொல்லின் கீழ் விரலை வைத்தார்.

"இது இன்னாடா கண்ணு?"

ஜினமதி விரலைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்துச் சிரித்து, முதல் பாடத்தை முதல் வரியிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.

பத்மாம்பாள் அவளை முடிக்க விட்டார். பிறகு மடியில் உட்கார வைத்து, எந்தப் பாடத்திலும் இல்லாத ஒரு வாக்கியத்தைச் சிலேட்டில் எழுதினார். அம்மா பஸ்ஸில் போகிறாள். முதல் சொல் உடனே வந்துவிட்டது. இரண்டாவதற்கு வெகு நேரம். சொல்லிக்கொடுக்காமல் காத்திருப்பது குப்பத்தில் பழகிய வேலை. இங்கே அது கடினமாக இருந்தது. வெயில் நடையிலிருந்து வாசலுக்கு இறங்கியது. பாலசந்திரன் உள்ளேயிருந்து, சாப்பிட்டுக் கிளம்பினால்தான் பஸ் கிடைக்கும் என்று இரண்டு முறை குரல் கொடுத்தார்.

ஜினமதி மூன்றாவது சொல்லைத் தப்பாகப் படித்து, நின்று, திரும்பப் போய், சரியாகப் படித்தாள். பத்மாம்பாள் அவள் உச்சியில் முகத்தை வைத்துக்கொண்டார்.

"அடுத்தது எழுதும்மா," என்றாள் குழந்தை.

"சனிக்கிழமை," என்றார் பத்மாம்பாள், பையை எடுத்துக்கொண்டு.